நித்யாதான் சொன்னாள்

ஆறு நாட்கள் என் முகத்தை நான் பார்க்கவில்லை. மருத்துவமனை அறையின் குளியலறையில் கண்ணாடி இருந்தது. சேர்ந்த அன்றே என் மகள் அதன் மேல் ஒரு செய்தித்தாளை ஒட்டிவிட்டாள். அந்தத் தாளில் நகைக்கடை விளம்பரம் ஒன்றில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு நாளும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் பல் தேய்த்தேன். மாசு மருவில்லாத கன்னம் அவளுக்கு. அந்தக் காகிதப் பெண்ணின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

பொன்மலையில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். பெயர் செல்வி, வயது நாற்பத்திரண்டு. மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பக்கத்து மேசைக்காரி மெதுவாக நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, "செல்வி, அந்தத் தோல் உரிக்கிற ட்ரீட்மெண்ட் நானும் பண்ணிக்கலாம்னு இருந்தேன். உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். கொப்பளம், காய்ச்சல், ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். எதனால் அங்கே போனேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இங்கே அதையும் சொல்லிவிடுகிறேன்.

நித்யா என் ஓரகத்தி. என் கணவர் சேகருடைய தம்பி ரமேஷின் மனைவி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவர்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகும் சாலையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் பொன்மலைப்பட்டியில், மாமியார் எங்களோடு இருக்கிறார். நித்யா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் வெயிலில் பஸ் ஏறிப் போய்ச் சுண்ணாம்புக் கட்டித் தூசியோடு திரும்பி வருகிறவள். ஆனாலும் அவள் முகம் இப்போதுதான் கழுவித் துடைத்தது போல இருக்கும். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. மூக்கின் இரு பக்கமும் பழுப்புத் திட்டு. பதினைந்து வருடமாகப் பவுடரால் மூடிக்கொண்டு வந்தேன்.

திட்டைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். என் மகள் யாழினி பத்தாவது முடித்திருந்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சித்திதான். சித்தி வகிடு எடுக்கிற மாதிரி வகிடு, சித்தி கட்டுகிற மாதிரி துப்பட்டா. பரீட்சை முடிந்து வந்தால் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் போகும். அடுத்த அறையில் அவள் போனில் சிரிக்கும்போது நான் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

நாத்தனார் மகளுக்கு உப்பிலியபுரத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. சேகரும் ரமேஷும் பெண்ணுக்குத் தாய்மாமன்கள். மாமன் சீர்த் தட்டை நானும் நித்யாவும் ஜோடியாக மேடைக்கு எடுத்துப் போக வேண்டும். அதற்குப் புடவை எடுக்க மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள கடைவீதிக்குப் போனோம். யாழினியும் வந்திருந்தாள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அடக்கமான கலரா எடுத்துப் போடுப்பா. பொண்ணுக்கு அந்த மயில் கழுத்துப் பச்சை" என்றார். பொண்ணு என்று அவர் கை காட்டியது நித்யாவை.

"ஐயோ அண்ணே, அவங்க எனக்கு அக்கா!" என்று நித்யா சிரித்தாள். யாழினியும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எந்தப் புடவை எடுத்தோம் என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு நினைவில்லை.

நித்யாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். "அக்கா, எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சருக்கு மங்கு நல்லாக் குறைஞ்சிருக்கு. ஒரு ஸ்கின் டாக்டரப் பாத்தாங்களாம். நாமளும் ஒரு எட்டு போயிட்டு வரலாமா?"

அவள்தான் அழைத்துப் போனாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் மருத்துவர். என் கன்னத்தை விளக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்த வார்த்தையை நானே சொன்னேன்: "கெமிக்கல் பீல் பண்ணா உடனே போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்?"

அவர் பொறுமையாக விளக்கினார். பீல் என்றால் ஒருவித அமிலத்தை முகத்தில் தடவி மேல்தோலை உரிய வைப்பது. லேசாகச் செய்தால் மேல் அடுக்கு மட்டும் பொரிந்து உதிரும். ஆழமாகப் போனால் அது தீக்காயம் மாதிரிதான். "நம்ம மாநிறத் தோல் இருக்கு பாருங்க, காயம் பட்டா அதுக்குக் கோபம் வந்துடும். ஆறின இடத்துல இன்னும் அதிகமா கறுக்கும். அதனால இப்ப பீல் வேண்டாம்மா. மூணு மாசம் தினமும் சன்ஸ்க்ரீன் போடுங்க. ராத்திரி இந்த க்ரீம், பட்டாணி அளவுதான். அப்புறம் பாத்து லேசா ஆரம்பிப்போம்."

"கல்யாணம் அஞ்சு வாரத்துல இருக்கு டாக்டர்."

"கல்யாணம் உங்களுக்கா?" என்று அவர் சிரித்தார். நித்யாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அன்று அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

க்ரீமை மட்டும் வாங்கிக்கொண்டேன். பட்டாணி அளவு என்றால் இரண்டு பட்டாணி தடவினேன். ஒரு வாரத்தில் முகம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. திட்டு அப்படியே இருந்தது. அரை நாள் விடுப்புப் போட்டு, யாரிடமும் சொல்லாமல், தில்லைநகரில் மாடியில் இருந்த ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். ஒரே சிட்டிங்கில் பளிச் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் படிவம் கொடுத்தாள். ஆங்கிலத்தில் இருபது கேள்விகள். முகத்தில் வேறு க்ரீம் தடவுகிறீர்களா என்று ஒன்று. உதட்டோரம் அடிக்கடி கொப்பளம் வருமா என்று ஒன்று. இரண்டுக்கும் ஆமாம்தான் பதில். வருடா வருடம் கோடையில் எனக்கு உதட்டோரம் சின்னதாகக் கொத்துக் கொப்பளம் வந்து ஒரு வாரத்தில் உதிரும். உடம்புச் சூடு என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் இவளும் நாள் தள்ளிப் போடுவாள் என்று எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று குறித்தேன். அவள் படிவத்தை வாங்கிப் பார்க்காமலே கோப்பில் வைத்தாள்.

அமிலத்தைத் தடவியதும் முகத்தில் பச்சை மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது. கையில் ஒரு சின்ன மின்விசிறியைக் கொடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கன்னம் உப்புப் பூத்தாற்போல வெள்ளையாக மாறியது. "வெள்ளையா வந்தா நல்ல ரிசல்ட் மேடம். கல்யாணத்துக்கு இன்னும் பளிச்னு வேணும்னா மேலே இன்னொரு கோட்டிங் போட்டுடலாமா?"

"போடுங்க" என்று சொன்னது நான்தான். கண்ணை மூடிக்கொண்டு மேடையை நினைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் நித்யா எனக்கு ஒரு அடி பின்னால் நின்றாள்.

மறுநாள் முகம் வீங்கியது. வெயில் பட்டு அலர்ஜி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் தோல் பழுப்புக் காகிதம் போலச் சுருண்டு உரியத் தொடங்கியது. பிய்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிய்த்தேன். அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க முடியாமல் இரண்டு முறை கண்ணாடிக்குப் போய் வந்தேன்.

நான்காம் நாள் காலை உதட்டோரம் குறுகுறுத்தது. வருடா வருடம் வருகிற அதே குறுகுறுப்பு. இந்த முறை அது உதட்டோரத்தில் நிற்கவில்லை. மாலைக்குள் கன்னம் முழுக்க நீர் கோத்த கொப்பளங்கள், கடுகை அள்ளித் தெளித்த மாதிரி. உடம்பு கொதித்தது.

மாமியார் கதவோரம் நின்று பார்த்தார். அடுத்த நிமிஷம் வேப்பிலைக்கு ஆள் அனுப்பினார். "ஆத்தா வந்திருக்கா. யாரும் சத்தம் போடாதீங்க. தாளிக்காதீங்க. சமயபுரத்தாளே, புள்ளையக் காப்பாத்து." எனக்கு அது அம்மை இல்லை என்று தெரியும். சொன்னால் எங்கே போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பிலைக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தேன். அந்த ஒரு நாள் எனக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை வீங்கிச் சீழும் நீருமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏங்க, கண்ணு தெரியலைங்க" என்று சொன்னதும் சேகர் அம்மாவைக் கேட்காமல் ஆட்டோ பிடித்துவிட்டார். ஆட்டோவில் ஏறும் முன்பே பீல் செய்துகொண்டதைச் சொன்னேன். பீல் என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. "முகத்துல ஆசிட்டா? காசு குடுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். ஒரு கொப்பளத்தை உடைத்து, அதன் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கிக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் வந்து சொன்னார்: ஹெர்பிஸ் என்கிற வைரஸ். உதட்டோரம் வருடா வருடம் வந்தது இதுதான். சின்ன வயதிலேயே உடம்புக்குள் வந்து நரம்புக்குள் பதுங்கிப் படுத்துக்கொள்ளும். வெயில், காய்ச்சல், காயம் எதுவாவது எழுப்பிவிட்டால் வெளியே வரும். சாதாரணமாக உதட்டோடு நின்றுவிடும். எனக்குத்தான் முகத்தில் தோலே இல்லையே. அது தடையில்லாமல் பரவியிருக்கிறது. அதன் மேல் கிருமித் தொற்றும் சேர்ந்துவிட்டது. கருவிழிக்குப் போயிருந்தால் பார்வைக்கு ஆபத்து.

அந்தக் கடைசி வார்த்தையோடு சக்கர நாற்காலியில் வைத்துக் கண் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடத்தில் கன்னத்துத் திட்டைப் பற்றி ஒரு முறையும் நினைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நாற்பது நிமிடம் எனக்கு இருந்ததில்லை. கண் டாக்டர் இமையை விரித்து ஆரஞ்சு நிறச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் காயம் இருந்தால் அந்தச் சாயம் அங்கே பச்சையாகத் தங்குமாம். "இமையோட நின்னிருக்கு. கருவிழி க்ளியரா இருக்கு. தினமும் பாக்கணும்" என்றார். சேகர் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்து சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தலாம் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், இரத்தத்தையும் சோதித்தார்கள். நோய் தொற்றக்கூடியது என்று தனி அறை, தனித் துண்டு. காப்பீட்டுத் தாள்களோடு சேகர் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை அந்த அறையில்தான் நான் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னேன்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தபோது வாசலில் நித்யா நின்றிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டுப் பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள். யாழினி அவள் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். நித்யாவின் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. என் மகள் என்னிடம் வந்து அழவில்லை. என்னைத் தொடக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு எரிந்தது, முகத்தைவிட அதிகமாக. அவர்கள் இருவரும் தேநீர் வாங்கக் கீழே போனதும் சேகர் குனிந்து, "யாரு சொல்லி அந்த எடத்துக்குப் போன?" என்று கேட்டார்.

"நித்யாதான் சொன்னா."

யோசிக்கவே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது போல அவ்வளவு இயல்பாக வந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனது அவள்தானே, பாதி உண்மைதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாளுக்குள் அது வீடு முழுக்கப் போய்விட்டது. சேகர் ரமேஷிடம் கத்தியிருக்கிறார். மாமியார் நித்யாவைப் போனில் கூப்பிட்டு என்னென்னவோ சொல்லியிருக்கிறார். நித்யா அடுத்த நாளும் வந்தாள். இரண்டு மாடி ஏறி, குழைய வடித்த கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டு வந்தாள். வாயை முழுதாகத் திறக்க முடியாத எனக்கு ஸ்பூனால் ஊட்டினாள். கையுறை போட்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. வீங்கினாலும் அவள் அழகாகத்தான் இருந்தாள். கஞ்சியை விழுங்கிக்கொண்டே அதைக் கவனித்தேன்.

"அக்கா, நான் உங்கள அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கவே கூடாது" என்றாள். அவர்தான் இதைச் செய்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தேன்.

அன்று பகல் தோல் பிரிவிலிருந்து ஆலோசனைக்கு ஒரு மருத்துவர் வருவார் என்றார்கள். வந்தவர் அதே அம்மாதான். வாரத்தில் இரண்டு நாள் அந்த மருத்துவமனைக்கு வருவாராம். என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நித்யாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"நீங்கதானே அன்னைக்கு இவங்களோட வந்தீங்க? பீல் இப்ப வேண்டாம்னு அவ்வளவு சொன்னேனே. எங்கம்மா போய்ப் பண்ணிக்கிட்டீங்க?"

"தில்லைநகர்ல... ஒரு பியூட்டி க்ளினிக்" என்றேன்.

"க்ரீமை நிறுத்திட்டுப் போனீங்களா? உதட்டுல கொப்பளம் வர்றதச் சொன்னீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சொன்னார். அந்த இரவு க்ரீம் மேல்தோலை மெல்லியதாக்கும். அதைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தாமல் அமிலம் வைத்தால் நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். உதட்டுக் கொப்பளம் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத்தான் இந்த வேலையைத் தொடுவார்கள். "தழும்பு எத்தனை நிக்கும்னு இப்ப சொல்ல முடியாது. கறுப்பு கண்டிப்பா வரும். பழைய மங்கைவிடக் கூடுதலாவே வரும். குறைய மாசக்கணக்காகும். இனிமே வெயில்ல குடையில்லாமப் போகாதீங்க."

அவர் போனதும் அறையில் நாங்கள் இருவர் மட்டும். நித்யா கஞ்சித் தூக்குப் பாத்திரத்தை மூடினாள். ஸ்பூனைக் கழுவித் துடைத்து வைத்தாள். என் பக்கம் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தாள். "போயிட்டு வரேன்க்கா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டில் போய்ச் சொல்லுவாள், சாயங்காலம் சேகர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று காத்திருந்தேன். சேகர் வழக்கம்போல வந்து கால் அமுக்கிவிட்டார். நித்யா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் கஞ்சி வந்தது. அவளே வந்தாள், அவளே ஊட்டினாள். பேச்சுத்தான் இல்லை.

அவளுடைய தோலுக்காகப் பொறாமைப்பட்டது ஒன்றுமே இல்லை. இது அதைவிட மோசமாக இருந்தது. என்னால் ஒரு நாளும் அப்படி வாய் மூடி இருக்க முடியாது. அவளுக்கு எங்கிருந்து வருகிறது இது? வேண்டுமென்றே பெரிய மனுஷியாக நடிக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் வலி குறைந்தது.

நான்காம் நாள் மாமியார் வந்தார். கொப்பளங்கள் காய்ந்து கருப்புப் பொருக்குகளாகி இருந்தன, காய்ச்சல் விட்டிருந்தது. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "சீர்த் தட்ட அவ தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். உன்ன இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டு அவ மேடையில மினுக்கிக்கிட்டு நிப்பாளா? நீ வர முடியலைன்னா யாழினி எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. பொருக்குத் தட்டிய முகத்தால் சிரிக்க முடியவில்லை, உள்ளே சிரித்தேன். மேடையில் அவள் இல்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை பத்து மணி வரை நீடித்தது. நித்யா தூக்கோடு உள்ளே வந்தாள். ஜன்னலோரம் இருந்த யாழினி எழுந்து போய் அவள் கையிலிருந்து தூக்கை வாங்கி, வெளியே நடைபாதைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள்.

"எங்கம்மாவுக்கு நீங்க கொண்டு வர்றது வேணாம் சித்தி. உங்களாலதான் எங்கம்மா மூஞ்சி இப்படி ஆச்சு. இனிமே எனக்குப் போனும் பண்ணாதீங்க."

எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டது அது. என் பெண் என் பக்கம் வந்துவிட்டாள். ஆனால் அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு. அது என் பேச்சு. நான் அடுப்படியில் தனியாக முணுமுணுக்கிற பேச்சு, பதினைந்து வயதுப் பிள்ளை வாயிலிருந்து வந்தது. நித்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

"யாழினி, அப்பாவக் கூப்பிடு. பாட்டியையும் வரச் சொல்லு. நித்யா, நீ போகாத" என்றேன்.

சேகர் கீழே மருந்துக் கடையில் இருந்தார், மாமியார் வரவேற்பறையில். இருவரும் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி வந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன். வார்த்தைகளைக் கோர்த்துச் சொல்ல வரவில்லை.

"அந்த எடத்த நித்யா சொல்லல. அவ கூட்டிட்டுப் போன டாக்டர் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நானாத்தான் தில்லைநகருக்குப் போனேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் ஏன் அவதான் சொன்னான்னு சொன்ன?" சேகர் குரல் எழும்பவில்லை. எழும்பியிருக்கலாம் என்று தோன்றியது.

"எனக்கு அவ மேல பொறாமைங்க."

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சேகர் மருந்துப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று மாலை வரை அவர் அறைக்குள் வரவில்லை. யாழினி என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், பிறகு பெஞ்சில் வைத்த தூக்கை எடுத்து வர வெளியே ஓடினாள்.

நித்யாதான் கடைசியாகப் பேசினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நீங்களா சொல்வீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு நாள் ஆச்சு." அப்புறம், "நாளையிலேர்ந்து நான் வரல" என்றாள். வரவில்லை.

ஆறாம் நாள் கண் டாக்டர் கடைசி முறை நீல வெளிச்சத்தில் பார்த்து, பார்வைக்கு ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யாழினி கண்ணாடியிலிருந்த தாளைக் கிழிக்கட்டுமா என்று கேட்டாள். நானே கிழித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அழுகை வரவில்லை. யாரோ தெரியாதவரைப் பார்ப்பது போல இருந்தது.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போயிருக்கலாம், டாக்டர் தடுக்கவில்லை; வெயிலைச் சாக்காகச் சொன்னேன். நித்யாவும் யாழினியும் ஜோடியாகச் சீர்த் தட்டு எடுத்துப் போனார்கள். மாமியார் நித்யாவிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. உப்பிலியபுரம் போகும் வேனில் தன் பக்கத்து இருக்கையை அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தாராம். யாழினி போனில் படங்கள் அனுப்பினாள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொறாமை வந்தது. போய்விட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

டாக்டர் சொன்னபடியே முகம் கறுத்தது. நெற்றி தப்பித்தது, கன்னங்களில் பழைய மங்குக்கு மேல் புதுக் கறுப்பு. இடது மூக்கோரம் இரண்டு குழித் தழும்புகள், அவை போகாது. மூன்று மாதமாகக் காலையிலும் மதியமும் சன்ஸ்க்ரீன், கையில் குடை. கறுப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. தில்லைநகர் அழகு நிலையத்துக்குச் சேகர் ஒரு புகார்க் கடிதம் கொடுத்தார். நான் இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்ட படிவத்தை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பக்கத்து மேசைக்காரியிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: யார் கையால் செய்துகொண்டாலும் முதலில் அவர்கள் டாக்டரா என்று கேளுங்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். நித்யா கதவைத் திறந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், முழங்கை வரை நுரை. "வாங்கக்கா" என்றாள். காபி கொடுத்தாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். செய்தது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். அவள் எதிரே உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகலக்கா" என்றாள். "போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். போச்சுன்னா நானே சொல்றேன். அதுவரைக்கும் வந்துட்டுப் போங்க."

அவள் சொன்னது நியாயம் என்று பட்டது. காபியைக் குடித்து முடித்தேன். ஈரத் துணிகளை மாடிக்குத் தூக்கிப் போக ஒரு கை கொடுத்தேன். கொடியில் போர்வையை அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து உதறினோம். வெயில் ஏறியிருந்தது. "குடை எடுத்துட்டு வந்தீங்கல்ல? விரிச்சுக்கிட்டு அந்த நிழல்ல போய் நில்லுங்க" என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு போயிருக்கிறேன். அவள் இன்னும் சொல்லவில்லை.